கோட்டுக்காரி சூசி

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
3 செப்ரெம்பர் 2024

அன்புள்ள தம்பி ஜூலியஸுக்கு,

மாதாவின் தயவில் நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். உனக்கும் நிரூபாவுக்கும் அந்தத் தயவு குறையாதிருக்கட்டும். முழங்கால் ஒப்பரேசன் முடிந்ததா? எனக்குக் காது இரண்டும் போய் ஒன்பது வருஷம் என்று தெரிந்தும் நீ ரெலிபோனில் கூப்பிடுகிறாய். உன் பெயர் மின்னி மின்னி அணைவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எழுது.

விஷயம் இதுதான். போன மாதம் லைப்ரரியில் ஒரு அறிவித்தல் பார்த்தேன். கறுப்பு மக்கள் சொந்தமாக நடத்திய பழைய டான்ஸ் கிளப்புகளைப் பற்றி எழுதிச் சேர்க்கிற சங்கம் ஒன்று, பதர்ஸ்ற் வீதியில் வெர்லின்ஸ் இருந்த கட்டடத்துக்கு நினைவுப் பலகை போடப் போகிறதாம். கீழே ஒரு வரி: ‘அங்கே கோட்டுகளை வாங்கி வைத்த சூசி என்ற பெண்ணைத் தேடுகிறோம்.’

பெண்! நான்கு வருஷம் அந்தக் கோட்டு அறையில் நின்றவன் நான். சூசைதாசன் என்ற பெயர் அவர்களின் வாயில் நுழையாமல் சூசி ஆனது. நான் எழுதிப் போட்டேன்: சூசி நான்தான், நான் பெண் இல்லை.

நிலக்சி என்று ஒரு பிள்ளை ஸ்ரௌவ்வில்லில் இருந்து கார் ஓடிக்கொண்டு வந்தது. எங்கட பிள்ளைதான். கதவைத் திறந்தவுடன் என் மீசையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு ஐபாட்டில் எழுதிக் காட்டியது: ‘அங்கிள், சீரியஸ்லி? நீங்களா சூசி?’

பலகையில் போடப் போகிற வாசகத்தையும் காட்டியது. இரண்டு பிழை. முதலாவது, ‘டிஸ்கோ மோகம் நகரைப் பிடித்தபோது திறக்கப்பட்டது’ என்று இருக்கிறது. மிஸ் வெர்லின் கதவைத் திறந்தபோது டிஸ்கோ என்ற சொல்லே இந்த ஊருக்கு வரவில்லை. பெரிய வீதிகளில் இருந்த கிளப்புகளில் கறுப்பு ஆட்களைக் கண்டால் ‘இண்டைக்கு மெம்பர்ஸ் மட்டும்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் அந்த மனுசி இரும்புக் கடைக்கு மேலே ஒரு மாடியை வாடகைக்கு எடுத்தது. நியூயோர்க்கில் இருந்து பஸ்ஸில் றெக்கோட் பெட்டி வரும். ஒரு பாட்டு முடிய முன்னம் அடுத்ததைத் தொடுத்து, ஆடுகிறவர்கள் நிற்காமல் ஆடும்படி விடுவார்கள். நான் படிப்பில்லாதவன். பழைய ரேடியோக்களைக் கழற்றிப் பூட்டிப் பழகித்தான் அவர்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்து கொடுத்தேன். மோகம் பிறகு வந்தது. வெள்ளைக் கோட்டுச் சூட்டுப் போட்டவர்கள் அதற்கும் பிறகு.

இரண்டாவது பிழை என் பெயர். இரண்டையும் திருத்தாமல் விடமாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
சூசைதாசன்


பேர்கன், நோர்வே
22 செப்ரெம்பர் 2024

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, தடியோடு நடக்கிறேன். நிரூபா உங்களை விசாரித்தா. இங்கே மூன்று கிழமையாக மழை.

அண்ணை, நீங்கள் கோபிக்கக் கூடாது. டிஸ்கோ விஷயத்தைத் திருத்துங்கோ, அது நியாயம். சூசி அப்படியே இருக்கட்டும். பெண் என்று இருந்தால் உங்களுக்கு என்ன குறை? வாசிக்கிறவனுக்கு ஆணும் ஒன்று, பெண்ணும் ஒன்று. 78ஆம் ஆண்டு மாசி மாதத்தை இப்போது யாரும் கிளற வேண்டாம். உங்களுக்கு எழுபத்தாறு வயது. சாப்பிட்டுப் படுத்து எழும்புங்கோ.

குளிருக்கு முன்னம் காய்ச்சல் ஊசி போடுங்கோ.

பணிவுள்ள தம்பி,
ஜூலியஸ்


வெக்ஸ்போர்ட்
9 ஒக்ரோபர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் தேறியதற்கு ஆண்டவருக்கு நன்றி. ஊசி போட்டேன்.

நீ மறந்தவன் போல எழுதுகிறாய். ஆகவே நான் எழுதி வைக்கிறேன். கடிதத்தை எறியாதே.

ஓர்வில் கிட்டன்ஸ். வயது இருபத்திநான்கு. வெர்லின்ஸில் றெக்கோட் போட்டவன். தாயும் அவனும் பார்பேடோஸில் இருந்து வந்தவர்கள். ஆட்டுத்தோல் கோட்டு ஒன்று வைத்திருந்தான், அப்படி ஒரு கோட்டு அந்தக் கிளப்பில் வேறு ஆருக்கும் இல்லை. அன்று அதற்கு நான் கொடுத்த ரிக்கெற் 41.

நீ கப்பலை விட்டு இறங்கி எட்டு நாள். இந்த நாட்டில் இருக்க ஒரு பேப்பரும் இல்லை. மெல்லிய சட்டையோடு என் அறையில் கோட்டுகளுக்கு நடுவே குந்திக்கொண்டு இருந்தாய். கிளப்பின் லைசன்ஸ் பார்க்க ஆட்கள் படியேறுகிறார்கள் என்று சொன்னார்கள். கைக்கு எட்டிய கோட்டை எடுத்து உன் தோளில் போட்டுப் பின்படியால் அனுப்பினேன். அது 41.

விடிய ஓர்வில் தன் வீட்டு வாசற்படியில் விறைத்துச் செத்துக் கிடந்தான். வெறும் சட்டை. வெளியே சைபருக்குக் கீழே இருபத்தியிரண்டு. தாய் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்து கண்டது. பொலிஸ் வந்து, கோட்டு வைக்கிற சூசி என்ற பெண் எங்கே என்று கேட்டது. எனக்கும் பேப்பர் இல்லை என்று மிஸ் வெர்லினுக்குத் தெரியும். ‘அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்’ என்று சொன்னா. அடுத்த மாதம் கிளப்பைப் பூட்டினார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால்தான் நாங்கள் இருவரும் நாற்பத்தாறு வருஷம் ஒளித்திருக்கிறோம். எனக்கு அது வேண்டாம்.

இன்னும் ஒன்று. என் கடிதம் வர முன்னம் நிலக்சிக்கு மூன்று சூசிகள் பதில் போட்டிருந்தார்களாம். மூவரும் கிழவிகள், வெர்லின்ஸில் வேலை செய்யாதவர்கள். மூவரும் சொன்னது ஒன்று: ‘இதைக் கேட்கிற இரண்டாவது ஆள் நீங்கள்.’ தொப்பி போட்ட ஒரு கறுப்பு மனுசி கையில் ரிக்கெற்றோடு வந்து, கோட்டு அறைச் சூசி நீயா என்று கேட்டதாம். இல்லை என்றதும் மன்னிப்புக் கேட்டுப் போய்விட்டதாம். ரெக்ஸ்டேலில் இருக்கிறவவிடம் 96இல் வந்தது. மற்ற ஒருத்தியிடம் போன மாசியில். நிலக்சி இதைச் சிரிப்பாக எழுதிக் காட்டியது. நான் சிரிக்கவில்லை.

என் கட்டடத்தில், கீழே லொபியில் இருக்கிற பெயர்ப் பலகையிலும் ‘எஸ். தாஸ்’ என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தது. முழுப்பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து. கட்டடத்தைப் பார்க்கிற ரிம்ஸான் இடம் காணாமல் எழுத்தைச் சின்னதாக்கி ஒட்டினான்.

நிரூபாவுக்கு என் ஆசீர்.

உன் அண்ணன்,
சூசைதாசன்


பேர்கன்
2 நவம்பர் 2024

அண்ணைக்கு,

சுகம். நீங்களும் சுகமென நம்புகிறேன்.

அந்த மனுசியின் தொப்பி என்ன நிறம்?

தம்பி,
ஜூலியஸ்


வெக்ஸ்போர்ட்
21 நவம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமென்று ஒரு சொல்லில் எழுதினாய். நானும் ஒரு சொல்லில் சுகம்.

நாவல் நிறம். நிலக்சியிடம் கேட்டேன். பக்கத்தில் ஒரு இறகு குத்தியிருந்ததாம். நீ ஏன் கேட்டாய் என்று நீ எழுதவில்லை. ஓர்வில்லின் தாய் திருமதி கிட்டன்ஸ் 91இல் செத்துப்போனா. நிலக்சி கல்லறையின் படம் எடுத்து வந்து காட்டியது.

இந்தக் கட்டடம் பழையது. ரெலிவிஷனில் 59ஆம் சனலைப் போட்டால் லொபிக் கமராவில் அங்கே நிற்கிறவர்கள் தெரிவார்கள். காது கேளாதவனுக்கு அது நல்ல வசதி. போன கிழமைச் செவ்வாய் பின்னேரம் சாப்பாடு கொண்டுவருகிற பெடியனைப் பார்ப்பதற்காகப் போட்டேன். ஒரு மனுசி பெயர்ப் பலகைக்கு முன்னால் நிற்கிறா. படம் கறுப்பு வெள்ளை, நிறம் சொல்ல முடியாது. இறகு தெரிந்தது. விரலை வைத்து மேலே இருந்து வாசிக்கிறா. முதல் எழுத்தில், ஏயில். இருநூற்றிப் பத்துப் பெயர் இருக்கிறது. ஒரு பெயருக்கு அரை மணித்தியாலம் எடுக்கிறா, குழந்தை எழுத்துக் கூட்டுகிற மாதிரி. ஐந்து மணிக்குப் போய்விட்டா. கதவு திறந்ததை நான் காணவில்லை.

அடுத்த நாளும் வந்தா. விட்ட இடத்தில் தொடங்கினா. பிறகு ஒவ்வொரு பின்னேரமும்.

இன்று டியில் நிற்கிறா. பழைய பெயர் இருந்திருந்தால் தாஸ் என்று அங்கேதான் நான் இருந்திருப்பேன். விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பதில் போடு.

உன் அண்ணன்,
சூசைதாசன்


வெக்ஸ்போர்ட்
16 டிசெம்பர் 2024

தம்பி ஜூலியஸுக்கு,

நத்தார் வாழ்த்துக்கள். உன் பதில் வரவில்லை. நோர்வேத் தபால்காரர் வேலை நிறுத்தமா, நீ வேலை நிறுத்தமா தெரியவில்லை.

ரிம்ஸானைக் கூப்பிட்டுச் சனலைக் காட்டினேன். பேப்பரில் எழுதினான்: ‘அங்கிள், ஒருத்தரும் இல்லை. கமராவில தூசு.’ பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் எழுதினான்: ‘பழைய பேரைத் திரும்பப் போடுவமா? எஸ். தாஸ். ஒரு நிமிஷ வேலை.’

‘போட வேண்டாம்’ என்றேன்.

‘உங்களிட்ட கேட்டது என்ர பிழை’ என்று எழுதினான். ‘வாஷிங் மெஷின் சண்டையில ஆறு மாசம் என்னோட கதைக்காம இருந்த மனிசன்தானே நீங்கள்.’

மெஷின் விஷயத்தில் பிழை அவனுடையது. அதை விடு.

அவ கே எழுத்தில் நிற்கிறா. எங்கட ஆட்களின் பெயரெல்லாம் நீளம், அதனால் இப்போது மெதுவாகப் போகிறது. ஒரு கந்தசாமிக்கு ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தா. பனி கொட்டினால் தோளில் பனி இருக்கிறது. அது உருகுவதில்லை.

நினைவுப் பலகையின் புது வாசகம் வந்தது. டிஸ்கோ வரியைத் திருத்திவிட்டார்கள். என் பெயரைப் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: ஓர்வில் கிட்டன்ஸின் கோட்டுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியுமா? தை கடைசிக்குள் பதில் வேண்டும். சூசி என்ற பெண்ணிடம் யாரும் இதைக் கேட்க முடியாது. சூசைதாசனிடம் கேட்கலாம்.

உன் அண்ணன்,
சூசைதாசன்


பேர்கன்
5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

புதுவருஷம் உங்களுக்குச் சமாதானம் தரட்டும். நான் சுகமில்லை, ஆனால் அது முழங்கால் அல்ல.

அந்தத் தொப்பியை நான் கண்டிருக்கிறேன். 93இல், மீன் தொழிற்சாலை வாசலில், வேலை முடிந்து வெளியே வரும்போது நின்றது. ரிக்கெற்றை நீட்டி, ‘சூசியைத் தெரியுமா?’ என்றது. அப்படி ஒரு பெண்ணை எனக்குத் தெரியாது என்றேன். அது பொய் இல்லைத்தானே அண்ணை. அப்படி ஒரு பெண் இல்லை. அது ‘மன்னிக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டு நடந்து போனது. செத்த ஆள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதன் பிறகு நான் அந்த வாசலால் போனதில்லை.

ஏன் இங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். கோட்டு என்னிடம் இருக்கிறது. நிலவறையில், பிளாஸ்ரிக் பையில். எறிந்துவிட்டேன் என்று உங்களுக்குப் பொய் சொன்னேன். எறிய ஏலவில்லை. எரிக்கவும் ஏலவில்லை.

இன்னும் ஒன்று. அன்று நான் பின்படியால் இறங்கி இரண்டு தெரு போகவில்லை, பையில் கை விட்டபோது திறப்பு ஒன்று கையில் பட்டது. ஒரு வீட்டுக் கதவின் பூட்டுத் திறப்பு. இதன் சொந்தக்காரன் வீட்டுக்குள் போக ஏலாமல் நிற்பானே என்று எனக்கு அப்போதே தெரிந்தது. திரும்பி வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று பயம். வரவில்லை.

இதை நிரூபாவுக்கே சொன்னதில்லை.

கோட்டை இன்று தபாலில் போட்டேன். திறப்பு உள்ளேதான். வந்தால் கொடுத்துவிடுங்கோ. அண்ணை, காலில் விழுந்து கேட்கிறேன், என் பெயரை மட்டும் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். ரிம்ஸானிடம் சொல்லிப் பழைய பெயரைத் திரும்பப் போடுங்கோ. அவ எங்கள் இருவரையும் கண்டுபிடிக்காமல் திரும்பிப் போய்விடுவா.

தம்பி,
ஜூலியஸ்


வெக்ஸ்போர்ட்
27 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை பொதியும் வந்தது. சுங்கத்தில் ‘பாவித்த உடுப்பு’ என்று நீ எழுதியிருந்தது சரி. என் கதவின் பின்னால் கொழுவியிருக்கிறேன். இந்த வீடு முழுக்கக் காற்றிலே பனி மணக்கிறது.

திறப்பைப் பற்றி நீ எழுதினாய். உன்னைத் திட்டுவதற்குப் பேப்பர் எடுத்தேன். எழுத முடியவில்லை. உன்னிடம் நானும் ஒன்றைச் சொல்லவில்லை.

கிளப் முடிந்தபின் ஓர்வில் வந்து ரிக்கெற்றை நீட்டினான். நாற்பத்தொன்று. ‘கோட்டுத் தவறிப் போச்சு’ என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தவறியது என்று கேட்பான், உன் கதை வெளியே வரும். ஆகவே, ‘நீ இண்டைக்குக் கோட்டுப் போடாமல்தான் வந்தனி’ என்றேன்.

அவன் சிரித்தான். ‘என்ன சூசி, இது என்ர ரிக்கெற் இல்லையே?’ என்றான்.

‘அது போன சனிக்கிழமை ரிக்கெற். அண்டைக்கு மறந்துபோய்த் திருப்பித் தராமல் போனனி’ என்றேன்.

எனக்கு வாதத்தில் தோற்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். பத்து நிமிஷம் நின்று வாதாடினேன். ஒரு கட்டத்தில் அவன் முகத்தில் சந்தேகம் வந்தது. ‘அம்மா சொன்னவ, கோட்டைப் போடு எண்டு. போட்டனான் எண்டுதான் நினைக்கிறன்’ என்றான். ‘நினைக்கிறாய், அவ்வளவுதான்’ என்றேன். ரிக்கெற்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தலையைச் சொறிந்துகொண்டு படியிறங்கிப் போனான். நான் வென்றேன்.

என் சொந்தக் கோட்டு ஆணியில் தொங்கியது. தடிச்ச கம்பளிக் கோட்டு. அதைக் கழற்றி நீட்டினால் நான் பிழை என்று ஆகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சங்கத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன், எனக்குரியதை எல்லாம். உனக்குரியதை எழுதவில்லை. பெயர்ப் பலகை அப்படியே இருக்கிறது. அவ ஆர் எழுத்தில்.

உன் அண்ணன்,
சூசைதாசன்


வெக்ஸ்போர்ட்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பி ஜூலியஸுக்கு,

நீ உடம்போடு சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று வழக்கத்தைவிடக் கூட வேண்டிக்கொள்கிறேன். நான் இருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் மூன்றரை. சனலைப் போட்டபோது அவவின் விரல் என் பெயரில் நின்றது. எஸ், ஓ, ஓ. பன்னிரண்டு எழுத்தையும் கூட்டி முடித்தா. பிறகு கமராவைப் பார்த்தா. என் வீட்டு மணி அடித்தது.

தம்பி, எனக்குக் கேட்டது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கேட்ட முதல் சத்தம்.

கோட்டைத் தூக்கிக்கொண்டு எலிவேற்றரில் இறங்கினேன். கிட்டப் போனபோது தொப்பி நாவல் நிறம்தான். நீல ரிக்கெற், 41, என் கையெழுத்து. இங்கிலிஷில்தான் கேட்டா, நான் தமிழில் எழுதுகிறேன்.

‘நீயா சூசி?’

‘ஓம். என்ர பேர் சூசைதாசன்.’

ஆண் என்று அவ ஆச்சரியப்படவில்லை. கோபமும் இல்லை. கோட்டையும் பார்க்கவில்லை.

‘ஒரே ஒரு விஷயம்தான் கேக்க வந்தனான்’ என்றா. ‘வேலைக்குப் போக முன்னம் ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சொல்லுறனான், ஓர்வில், கோட்டு. அண்டைக்கும் கதவில நிண்டு சொன்னனான். எல்லாரும் அவன் கோட்டில்லாமல்தான் போனான் எண்டினம். என்ர பிள்ளை என்ர சொல்லைக் கேட்டவனா, இல்லையா?’

இதற்காகத்தான் அவ ஒவ்வொரு சூசியின் கதவையும் தட்டியிருக்கிறா.

‘கேட்டவன், அம்மா’ என்றேன். ‘கோட்டோடைதான் வந்தவன். தானே கழட்டி என்ர கையில தந்தவன். போடாமல் வந்தான் எண்டு சொன்னது நான். அது பொய்.’

அப்போதுதான் கோட்டை வாங்கினா. கழுத்துப் பக்கத்தை முகத்தோடு வைத்தா. பையில் கைவிட்டுத் திறப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தா. லொபியில் இருக்கிற கதிரையில் போய் இருந்து, கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டா. போய்விடுவா என்று நினைத்தேன்.

‘இதுக்குள்ள திறப்பு இருக்கெண்டு, கொண்டுபோனவருக்குத் தெரியுமோ?’ என்றா.

உன் பெயரை நான் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற அல்ல. எனக்குரிய வசனத்தை நான் சொல்ல நாற்பத்தேழு வருஷம் எடுத்தது. உனக்குரியதை நான் சொன்னால் அது திரும்பவும் நான் சொன்ன கதையாகத்தான் இருக்கும்.

‘அதை அவர் வந்து சொல்லுவார்’ என்றேன்.

தலையாட்டினா. மேலே வந்த பிறகு எனக்கு மீண்டும் ஒன்றும் கேட்கவில்லை. இன்று காலை ரிம்ஸான் வந்து எழுதிக் காட்டினான்: ‘லொபிக் கதிரையில இருக்கிற கோட்டு ஆருடையது? எடுத்து வைக்கப் பார்த்தன், தூக்கேலாமல் இருக்கு.’ அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

பேர்கனில் இருந்து எந்தப் பிளைட் நல்லது என்று நிரூபாவைக் கேள். முழங்காலுக்கு வீல்செயர் சொல்லிவை. நான் மேலே வர முன்னம், நீ வயது போனவன், குளிருக்குள் வர நாள் எடுக்கும் என்று அவவுக்குச் சொன்னேன். தனக்கு அவசரம் ஒன்றும் இல்லையாம்.

ஆண்டவர் வழித்துணையாக வரட்டும்.

உன் அண்ணன்,
சூசைதாசன்